ஓரகத்தி வீட்டு வெந்நீர் வாய்க்கால்

என் இளைய மகனுக்குக் கடற்கரையோரம் ஓர் அணுமின் நிலையத்தில் வேலை. ஒருமுறை அவன் வீட்டில் போய்த் தங்கியிருந்தபோது, சாயங்காலம் காற்றாட அழைத்துப் போய், தூரத்தில் கடலுக்குள் நுரைத்து விழும் தண்ணீரைக் காட்டினான். கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, இயந்திரத்தின் சூட்டைத் தணித்துக்கொண்டு, மறுபடி கடலிலேயே விடுகிறார்களாம். போனபோது இருந்ததைவிட வெதுவெதுப்பாகத்தான் அது திரும்பி வருமாம். அந்த இடத்தில் மட்டும் பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. சற்றுத் தள்ளி ஒரு படகில் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குளிர் மாசத்துல மீனு இங்கதான்மா கூடும்னு வலைக்காரங்க சொல்றாங்க. கோடையில ஒதுங்கிப் போயிருமாம். சூடு எம்புட்டு தூரம் பரவுதுன்னு ஆளுங்க அளந்துக்கிட்டே இருக்காங்க" என்றான்.

அவன் மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கோ வயிறு எரிந்தது. இம்புட்டு வெந்நீர் இப்படிக் கொட்டுகிறதே, ஒரு பொம்பளையாவது அதில் ஒரு குடம் மோந்து தலைக்கு ஊற்றினாளா என்றுதான் தோன்றியது. அடுத்த நொடியே என் ஓரகத்தியின் முகம் வந்து நின்றது. அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவள்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் போன பாடில்லை.

நான் வாக்கப்பட்டுப் போன ஊர் செம்பட்டிக்கும் சித்தையன்கோட்டைக்கும் நடுவில், ஒரு கண்மாய்க் கரையில் இருந்தது. நெல்லும் கத்தரியும் விளையும் பூமி. ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம். என் கணவரும் அவருடைய அண்ணனும் அதற்கு மறுவருஷமே பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஊருக்குள் இருந்த ஓட்டு வீடு ஒன்று, கண்மாய்க்கரையை ஒட்டி மாட்டுத்தொழுவமாக இருந்த இடம் ஒன்று. எனக்கு ஓட்டு வீடுதான் வேண்டும் என்று மூக்கைச் சிந்தி, அடம்பிடித்து வாங்கினேன். என் ஓரகத்தி, அதாவது அந்த அண்ணன் பெண்டாட்டி, தொழுவத்தைக் கூட்டி மெழுகி, கூரை போட்டுக் குடியேறினாள். அப்போது அவளைப் பார்த்து நான் பாவப்பட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

திண்டுக்கல்லில் இருந்து ஒரு முதலாளி வந்து, அந்தத் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே இடம் வாங்கி அரிசி மில் கட்டினார். எங்கள் பக்கம் அப்போது கரண்ட் வரவில்லை. குரூடாயிலில் ஓடும் பெரிய எஞ்சின். அது ஓடும்போது சூடு ஏறாமல் இருக்க, கிணற்றுத் தண்ணீரை இறைத்து அதன் உடம்பைச் சுற்றி விடுவார்கள். உள்ளே பச்சைத் தண்ணீராகப் போவது வெளியே கை வைக்க முடியாத கொதிநீராக வரும். அதை ஒரு செங்கல் வாய்க்காலில் விட்டு, கண்மாயில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த வாய்க்கால் எங்கே போகிறது? என் ஓரகத்தி வீட்டுக் கொல்லை வழியாக. அவள் கொல்லைப்படிக்கு வரும்போது சூடு பதமாக ஆறி, குளிக்க ஏற்ற மாதிரி இருக்கும். அவள் புருஷனுக்கே எஞ்சின் டிரைவர் வேலையும் கிடைத்தது. கொடுப்பினை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்த்திகை பிறந்தால் கொடைக்கானல் மலையில் இருந்து காற்று இறங்கும். மார்கழியில் கிணற்றடியில் நின்றால் பல் தந்தியடிக்கும். அந்தக் குளிரில் என் ஓரகத்தி தலைக்குச் சீயக்காய் தேய்த்து, வாய்க்காலில் உட்கார்ந்து, சாவகாசமாக முடியை அலசுவாள். கறிச்சட்டியில் ஒட்டிய கொழுப்பை ஒரு விரலால் வழித்துக் கழுவிவிடுவாள். அவள் சேலைகள் என் சேலைகளைவிட வெளுப்பாக இருந்தன. அவள் குதிகாலில் வெடிப்பு கிடையாது. இதையெல்லாம் நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் என் கொல்லைக் கதவைத் திறந்தால் கரையோடு நேரே தெரிவது அவள் கொல்லைதான். ஆவி பறக்கும் அந்த வாய்க்காலில்தான் தினமும் என் கண் விடியும்.

என் வீட்டிலோ விறகு அடுப்பு. கருவேல விறகும் சோளத்தட்டையும். மழைக்கு நனைந்திருந்தால் அழுதழுது எரியும். விடியலில் என் கணவர் எனக்கு முன்னால் எழுந்து அடுப்பை மூட்டி, அண்டாவில் தண்ணீரை ஏற்றி வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போவார். அடுப்படியில் புகைக்கூண்டு இல்லாததால் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவார். நான் எழுந்து வரும்போது கண் எரியும். அதற்கும் அவரைத்தான் திட்டுவேன்.

"உங்க அண்ணன் பொண்டாட்டிக்குப் பாருங்க, ஒரு சுள்ளி பொறுக்க வேண்டியதில்லை. நமக்கு இந்தப் புகைதான் விதிச்சுருக்கு" என்பேன்.

"செத்த நேரம் பொறு, பத்திக்கிரும்" என்பார்.

என் மாமியார் இரண்டு வீட்டிலும் முறை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மூட்டுவலி. மில் வந்த வருஷமே மார்கழியில் அத்தை மூட்டையைக் கட்டினார். "ஏ சின்னவளே, பெரியவ வீட்டுல வெந்நீருல காலை வச்சுக்கிட்டு இருந்தா வலி தெரியலத்தா. பனி போனதும் வாரேன்" என்றார். பனி போய் மாசி முடிந்தும் வரவில்லை. என் கணவரும் வயலில் இருந்து வரும்போது அந்தப் பக்கமாகவே போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தார். வெறும் முழுக்கோடு போனாலும் பரவாயில்லை. "அண்ணி பணியாரம் சுட்டுருந்தாக" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு வருவார். நான் ஆக்கி வைத்த சோறு ஆறிக் கிடக்கும். அவளுடைய பணியாரம் ஒன்றும் பிரமாதமில்லை. வெல்லத்தைத் தாராளமாகப் போடுவாள், அவ்வளவுதான்.

இதெல்லாம் போதாதென்று மீனும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. வாய்க்கால் கண்மாயில் விழும் மூலையில் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருந்ததால், குளிர் மாதத்தில் கெண்டையும் கெளுத்தியும் அங்கே வந்து மொய்த்தன. கரையில் நின்றால் முதுகு முதுகாகத் தெரியும். கொக்கும் நாரையும் அந்த மூலையை விட்டு நகரவில்லை. எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டின்படி கண்மாய் மீனை யாரும் இடையில் தொடக்கூடாது. கோடையில் தண்ணீர் வற்றிய பிறகு ஊர் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். அதற்கு மீன் அழிப்பு என்று பெயர். நாட்டாமை கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுவட்டாரமே ஊத்தாவோடும் வலையோடும் உள்ளே இறங்கும். ஊத்தா என்பது அடியும் முடியும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனைப் பிடிப்பார்கள். பிடித்த மீனை விற்கக்கூடாது, ஆக்கித் தின்ன வேண்டும். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் ஒரே வெஞ்சனம், ஒரே வாசனை. அழிப்பு நன்றாக நடந்தால்தான் அடுத்த மழை நன்றாகப் பெய்யும் என்று நம்பினோம்.

என் ஓரகத்தி அந்த மீன்களுக்குத் தவிடு தூவுவாள். "என் மீனுங்க எப்படிக் கொழுத்துப் போச்சு பாத்தியா தங்கச்சி" என்பாள். ஊர்ப் பொதுக் கண்மாய் மீனுக்கு இவள் எப்படிச் சொந்தக்காரி ஆனாள் என்று கேட்க நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்வேன்.

அந்த மூலையில் வேறு சில காரியங்களும் நடந்தன. நான் புதுப்பெண்ணாக வந்தபோது அங்கே வெள்ளை அல்லி பூக்கும். மில் வந்த பிறகு அல்லி அழிந்துவிட்டது. கரும்பச்சையாகப் பாசி மண்டி, படிக்கல்லில் கால் வைத்தால் வழுக்கியது. தண்ணீர்மேல் எண்ணெய்ப்படலம் மினுமினுத்தது. மாடுகள் அந்தத் துறையில் வாய் வைக்காமல் அடுத்த துறைக்கு நடந்தன. இதையெல்லாம் எல்லாரும் கண்ணால் பார்த்தோம். யாரும் வாய் திறந்து பேசவில்லை. நானும்தான் பேசவில்லை. எனக்கு அல்லியா முக்கியம்? அந்த வெந்நீர் ஏன் என் கொல்லையில் ஓடவில்லை என்பதுதான் என் கவலை.

கடைசியில் பொறுக்க முடியாமல் என் கணவரைப் பிடித்து உலுக்கி, வாய்க்காலைக் கரையோரமாக நீட்டி எங்கள் கொல்லையையும் தொட்டுக்கொண்டு கண்மாயில் விழும்படி செய்யச் சொன்னேன். அவர் நாட்டாமையிடம் கேட்டார். நாட்டாமை முதலாளியிடம் பேசினார். மீன் அழிப்பு முடிந்து கண்மாய் காய்ந்ததும் வெட்டிக்கொள்ளுங்கள் என்று சம்மதம் வந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே கொல்லையில் குளிக்கிற இடத்துக்குக் கல் தேட ஆரம்பித்தேன்.

செய்தி என் ஓரகத்திக்கும் எட்டியது. "வரட்டுமே தங்கச்சி, நல்லதுதான்" என்றாள். கூடவே, "ஆனா உன் வீடு வாரதுக்குள்ள சூடு ஆறிப் போயிராது?" என்றாள். சிரித்த முகத்தோடு எப்படி ஊசி ஏற்றுகிறாள் பாருங்கள். ஆறினால் ஆறட்டும். உன் வாசலில் மட்டும் ஓடாமல் என் வாசலிலும் ஓடினால் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. கண்மாய் வற்றி வற்றி, மில் பக்கத்தில் இருந்த பள்ளத்தில் மட்டும் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. இருந்த மீனெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் ஒடுங்கிவிட்டது. அறுவடை முடிந்து நெல் இல்லாததால் மில்லும் எப்போதாவதுதான் ஓடியது. சித்திரையில் அழிப்புக்கு நாள் குறிக்க ஊர் கூடியது. அப்போது என் கணவரின் அண்ணன் எழுந்து நின்றார்.

"மார்கழியில எஞ்சினு சூட்டுக்கு மீனு அம்புட்டும் வாய்க்கா வாயில வந்து நின்னதைப் பாத்தீங்கள்ல? அழிப்புக்கு முந்துன நாளே எஞ்சினைப் போட்டு நிப்பாட்டாம ஓட்டுவோம். விடியும்போது மீனு பூராம் ஓரிடத்துல கூடி நிக்கும். இறங்குனா அள்ளிட்டு வரலாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். குளிருக்கு ஒதுங்கிய மீன் கொளுத்துகிற வெயிலில் எதற்கு வெந்நீரைத் தேடி வரும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பனியில் பார்த்த கண்ணோடு கோடைக்கும் கணக்குப் போட்டார்கள். எனக்கும் தோன்றவில்லை. என் மண்டையில் ஓடியதெல்லாம், இந்த யோசனையால் அவள் வீட்டுக்கு இன்னொரு பெருமை சேரப்போகிறதே என்பதுதான். ஊர்ப் பெண்கள் அவள் கொல்லையை ஏதோ கோயில் தெப்பக்குளம் மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

எஞ்சினைச் சும்மா ஓட்டுவானேன் என்று ஆளாளுக்கு வீட்டில் மிச்சமிருந்த நெல்லைக் கொண்டுபோய் மில்லில் கொட்டினார்கள். முந்தின நாள் மத்தியானமே எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் மிளகாயும் மல்லியும் அரைத்து உருட்டி, புளியை ஊறப் போட்டேன். "கூட்டத்துல வேடிக்கை பாக்காம, வாய்க்கா வாயில முதல் ஆளா இறங்கணும்" என்று என் கணவருக்குச் சொல்லி வைத்தேன்.

விடிந்தபோது கரை நிறைய ஜனம். வெளியூர்க்காரர்கள் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் வந்திருந்தார்கள். ஊத்தாவும் வலையும் தோளில் தொங்க, எல்லாரும் நாட்டாமையின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாட்டாமை துண்டை எடுத்தார். எடுத்தவர் பள்ளத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். வெளிச்சம் ஏற ஏற எங்களுக்கும் தெரிந்தது. பள்ளம் பூராவும் கெண்டைகள் வயிறு மேலாக மிதந்தன. கெளுத்திகள் வாயைப் பிளந்தபடி கரையோரச் சேற்றில் ஒதுங்கியிருந்தன. ஒருவர் காலை உள்ளே வைத்துவிட்டு உடனே எடுத்தார். "தண்ணி சுடுதுப்பா" என்றார். எஞ்சின் அப்போதும் டுப் டுப் என்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஓடிப்போய் நிறுத்தச் சொன்னார்கள்.

நாட்டாமை துண்டை வீசவில்லை. தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கரையோடு நடந்து வீட்டுக்குப் போனார். என் நினைவில் அந்தக் கண்மாயில் துண்டு வீசாமல் போன ஒரே அழிப்பு அதுதான். அடிச்சேற்றில் புதைந்து கிடந்த விரால்களில் கொஞ்சம் உயிரோடு இருந்தன. அவற்றைப் பிடிக்கவும் ஒருவரும் இறங்கவில்லை. வந்த ஜனம் வெறும் ஊத்தாவோடு திரும்பியது. போகிறபோது ஒவ்வொருவரும் என் ஓரகத்தி வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. யார் என்ன சொன்னாலும் சொல்லிவிட்டுப் போங்கள். என் மீனு என் மீனு என்று தவிடு போட்டாளே, இப்போது போய்ப் போடட்டும் என்று இருந்தது. அவள் கொல்லையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து, அரைத்து வைத்த மசாலாவைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இனி என் கொல்லைக்கு வாய்க்கால் வராது.

வரவில்லை. நாற்றம் அடங்குவதற்குள் திண்டுக்கல் முதலாளி காரில் வந்து இறங்கினார். ஊராரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, மில்லுக்குள்ளேயே இரண்டு தொட்டிகள் கட்டினார். எஞ்சினில் இருந்து வரும் வெந்நீர் ஒரு தொட்டியில் விழுந்து, மற்றொன்றில் ஆறி, திரும்பவும் எஞ்சினுக்கே போகும். ஒரு சொட்டு வெளியே வராது. செங்கல் வாய்க்கால் காய்ந்து, அதில் ஓணான் ஓடியது. மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் அந்த மூலையில் பாசி குறைந்தது. மாடுகள் பழைய துறையில் தண்ணீர் குடித்தன. அல்லி மட்டும் நான் அந்த ஊரில் இருந்தவரை திரும்ப வரவில்லை.

கார்த்திகைப் பனி இறங்கியதும் அத்தை மூட்டையோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "பெரியவ வீட்டுல விடியக்காலையில வெந்நீர் அடுப்பே பத்த மாட்டேங்குதுத்தா" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தேனாக இனித்தது. கொல்லைக் கதவைத் திறந்து பார்ப்பேன். ஆவி பறந்த இடத்தில் என் ஓரகத்தி குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்தபின் குடிக்கிற நீராகாரமே தனி ருசியாக இருக்கும்.

மார்கழியில் ஒரு விடியற்காலை அவள் கையில் ஒரு பழைய சட்டியோடு என் அடுப்படிக்கே வந்துவிட்டாள். தலைமுடி கலைந்து, கண் சிவந்து கிடந்தது.

"ரெண்டு கங்கு குடு தங்கச்சி. எம்புட்டு ஊதியும் என் அடுப்பு பத்தல" என்றாள்.

இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். "எடுத்துக்கங்கக்கா" என்று பெரிய மனசு பண்ணினேன். அவள் கங்கை எடுக்காமல் நின்றாள். அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என் கணவர் அப்போதுதான் இன்னும் இரண்டு கட்டையைத் தள்ளிவிட்டு மாட்டைப் பார்க்கப் போயிருந்தார்.

"கொழுந்தன்தான் இன்னமும் பத்த வைக்கிறாகளா?"

"ஆமாக்கா. புகையா மூட்டி வச்சுட்டுப் போயிருவாரு" என்று அலுத்துக்கொண்டேன்.

"தெரியும்" என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் கொல்லையில நின்னா உன் வீட்டுக் கதவு வழியாப் புகை வாரது தெரியும். வாய்க்கால்ல உக்காந்துக்கிட்டு நிதமும் பாப்பேன். நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே வந்துரும். பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியும்த்தா. எனக்கு வெந்நீரு குடுத்தது எஞ்சினு. எங்க வீட்டு ஆளுக்கு எனக்குன்னு ஒருநா ஒரு சுள்ளி ஒடிக்கணும்னு தோணுனதில்ல. இந்தப் பனியிலயும் போத்திப் படுத்துருக்காக."

சட்டியில் கங்கை அள்ளிக்கொண்டு, முந்தானையால் காற்றுப் படாமல் மறைத்தபடி, கரையோடு போனாள்.

நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். நான் அவள் ஆவியைப் பார்த்து வெந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அவள் என் புகையைப் பார்த்து வெந்திருக்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அவள்மேல் இரக்கமாவது வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாத ஒன்றை, ஒருத்தி எதிர்க்கொல்லையில் உட்கார்ந்து ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் என் கணவர் எழுந்த சத்தம் கேட்டதும் நானும் எழுந்தேன். அவர் அடுப்பில் தட்டையைச் செருகிக்கொண்டிருந்தார். நான் போய்க் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"ஏய், புகை வெளிய போக வேணாமா?" என்றார்.

"உள்ளயே இருக்கட்டும். நீங்க மூட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கண் எரிய எரிய அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.